மன்னார்க் கடலை விட்டுவிட்ட நீமோ: ஜூல் வெர்னின் நாவலும் டிஸ்னியின் படமும்

கேள்வி இது: 1954இல் டிஸ்னி எடுத்த 'கடலுக்கடியில் 20,000 லீக்' படத்தைப் பிள்ளைகளோடு பார்த்தேன், எல்லோருக்கும் பிடித்தது. ஜூல் வெர்னின் நாவலும் இதே கதைதானா, படித்தால் புதிதாக ஏதாவது கிடைக்குமா? கேப்டன் நீமோ இந்தியர் என்கிறார்களே, படத்தில் அப்படி எதுவும் வரவில்லையே?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் ஏறக்குறைய அதே கப்பல்தான், ஆனால் அதை ஓட்டுகிற நீமோ அதே ஆள் இல்லை. படம் எனக்கும் ரொம்பப் பிடித்த படம், அதைக் குறைத்துப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் நாவலின் உயிர் இருக்கிற ஒரு அத்தியாயத்தைப் படம் முழுசாக விட்டுவிட்டது. அந்த அத்தியாயம் நடப்பது மன்னார் வளைகுடாவில், முத்துச் சிப்பி விளைகிற பாரில். அது போனதால் நீமோவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதே மாறிப்போய்விட்டது. நான் சொல்ல வருவது பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் இருக்கும். கதையின் முடிவையும் சொல்லியாக வேண்டும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒற்றுமை. கடலில் ஏதோ ஒரு ராட்சத ஜந்து கப்பல்களை முட்டுகிறது என்று ஊர் உலகமெல்லாம் பேச்சு. அதை வேட்டையாட 'ஆபிரகாம் லிங்கன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கிளம்புகிறது. அதில் பிரெஞ்சுப் பேராசிரியர் அரோனாக்ஸ், அவருடைய உதவியாள் கோன்செய், திமிங்கில வேட்டையில் ஈட்டி எறிகிற நெட் லேண்ட் ஆகிய மூவரும் இருக்கிறார்கள். மோதலில் மூவரும் கடலில் போய் விழுந்து, ஜந்து என்று நினைத்தது இரும்பால் செய்த நீர்மூழ்கிக் கப்பல் என்று தெரிந்துகொண்டு, அதன் தலைவன் நீமோவிடம் கைதிகளாகிறார்கள். நாவலில் போர்க்கப்பல் நியூயார்க்கிலிருந்து கிளம்பும், படத்தில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து. இதெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த முதல் விருந்து கூட நாவலில் உள்ளபடியே வருகிறது: மேசையில் இருப்பது எல்லாமே கடலிலிருந்து எடுத்தது, திமிங்கிலப் பாலில் செய்த க்ரீம் உட்பட, கடைசியில் கடற்பாசிச் சுருட்டு. இறந்துபோன மாலுமியைக் கடலுக்கடியில் ஊர்வலமாக எடுத்துப்போய் அடக்கம் செய்கிற காட்சி இரண்டிலும் இருக்கிறது. நாவலில் அந்த இடுகாடு பவளப்பாறைக் காட்டுக்குள் இருக்கும். பேச்சே இல்லாமல் சைகையிலேயே எல்லாம் நடக்கும் அந்த அத்தியாயத்தை ஒருமுறை படித்தால் மறக்காது.

கப்பலைப் பொறுத்தவரை படம் நாவலை மிஞ்சிவிட்டது என்றே சொல்வேன். வெர்ன் கொடுக்கிற நாட்டிலஸ் இரு முனையும் கூம்பிய ஒரு சுருட்டு வடிவம். 70 மீட்டர் நீளம், நடுவில் 8 மீட்டர் அகலம். கணக்காகச் சொல்லியிருக்கிறார், ஆனால் அதைப் பார்த்து ஒரு மாலுமி அலறுவானா என்றால் சந்தேகம்தான். படத்துக்குக் கப்பலை வடிவமைத்த ஹார்ப்பர் கோஃப் சுறாவையும் முதலையையும் மனத்தில் வைத்து வரைந்தார். முதுகெல்லாம் பல் பல்லாக, ஆணி அடித்த தகடுகள், இருட்டில் எரியும் இரண்டு கண்கள். இதை ஜந்து என்று நினைக்காதவன் யார்? இன்றைக்கு உலகத்தில் யாரிடமும் நாட்டிலஸை வரையச் சொன்னால் வெர்ன் எழுதியதை வரைய மாட்டார்கள், கோஃப் வரைந்ததைத்தான் வரைவார்கள். கலை இயக்கத்துக்கும் சிறப்புக் காட்சிகளுக்கும் படம் ஆஸ்கர் வாங்கியது, நியாயமான பரிசு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் வெர்ன்தான் நீர்மூழ்கியைக் கற்பனையில் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறார்கள். இல்லை. நாட்டிலஸ் என்ற பெயரே ராபர்ட் ஃபுல்டன் 1800இல் பிரான்சில் கட்டிய நீர்மூழ்கியின் பெயர். 1863இல் பிரெஞ்சுக் கடற்படை அழுத்தப்பட்ட காற்றில் ஓடுகிற 'ப்ளாஞ்ஜூர்' என்ற கப்பலை இறக்கியது. 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் 'ஹன்லி' என்ற சின்ன நீர்மூழ்கி ஒரு போர்க்கப்பலையே மூழ்கடித்தது, தானும் மூழ்கியது. வெர்ன் நாவலை 1869 மார்ச்சிலிருந்து 1870 ஜூன் வரை தொடராக வெளியிட்டபோது வாசகருக்கு நீர்மூழ்கி ஒன்றும் புதிசில்லை. புதிசு என்னவென்றால், ஒருவன் அதற்குள்ளேயே குடியிருக்கிறான், கரைக்குத் திரும்புவதில்லை, 12,000 புத்தகங்களும் ஒரு ஆர்கனும் ஓவியங்களும் வைத்துக்கொண்டு மனிதர்களின் உலகத்தோடு உறவை வெட்டிக்கொண்டு வாழ்கிறான் என்பதுதான். ஏன் வெட்டிக்கொண்டான்? நாவல் அந்தக் கேள்வியைக் கடைசிவரை இழுத்துக்கொண்டே போகும். படத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது, அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டுமே.

நாவலுக்கு இறுக்கமான கதைக்கட்டு என்று ஒன்று இல்லை, அது ஒரு நெடும்பயணம். தலைப்பில் உள்ள 20,000 லீக் அந்தப் பயணத்தின் தூரம், சுமார் 80,000 கிலோமீட்டர். பசிபிக், டோரஸ் நீரிணை, இந்தியப் பெருங்கடல், செங்கடல், சூயஸுக்கு அடியில் ஒரு ரகசியச் சுரங்கம், மத்தியதரைக் கடல், அட்லாண்டிஸின் இடிபாடுகள், தென் துருவம் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இடையிடையே கோன்செய் மீன்களை இனம் இனமாகப் பிரித்துப் பட்டியல் போடுவான், சில இடங்களில் அது பக்கம் பக்கமாகப் போகும். அந்தப் பட்டியல்களைத் தாண்டிப் போவதில் ஒரு தப்பும் இல்லை. பனிக்கட்டிக்கு அடியில் கப்பல் மாட்டிக்கொண்டு, காற்று தீர்ந்துகொண்டே வர, ஆள் மாற்றி ஆள் பனியை வெட்டுகிற பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். அதைப் படிக்கிறபோது நமக்கே மூச்சு முட்டும், படத்தில் அது இல்லவே இல்லை.

சரி, மன்னாருக்கு வருகிறேன்.

இரண்டாம் பாகம் தொடங்குவதே இந்தியப் பெருங்கடலில்தான். 1868 ஜனவரி கடைசியில் நாட்டிலஸ் இலங்கையை நெருங்குகிறது. முத்துக்குளிக்கிற இடத்தைப் பார்க்க வருகிறீர்களா என்று நீமோ கேட்கிறான். சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், மார்ச்சில்தான் கூடும், இப்போது ஆட்கள் இருக்க மாட்டார்கள், பாரை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்கிறான். குளிப்பவர்களுக்கு நல்ல கூலி கிடைக்குமா என்று அரோனாக்ஸ் விசாரிக்கிறார். முத்து இருக்கிற சிப்பிக்கு மட்டும் ஒரு சல்லிக்காசு, முத்தில்லாத சிப்பிதான் அதிகம் என்று பதில் வருகிறது. மறுநாள் விடியலில் நான்கு பேரும் செப்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். துப்பாக்கி கிடையாது, ஆளுக்கொரு கத்தி, நெட் மட்டும் தன் ஈட்டியை விடாமல் எடுத்து வருகிறான். நீமோ அவர்களை ஒரு குகைக்குள் அழைத்துப்போய், ஒரு ராட்சதச் சிப்பிக்குள் தேங்காய் அளவுக்கு வளர்ந்துகொண்டிருக்கும் முத்தைக் காட்டுகிறான், தொடாமல் விட்டுவிடுகிறான், இன்னும் வளரட்டும் என்று. அத்தியாயத்தின் தலைப்பே அந்த முத்தைப் பற்றியதுதான். ஆனால் விஷயம் குகையை விட்டு வெளியே வந்த பிறகுதான் இருக்கிறது.

மேலே ஒரு படகு நிற்கிறது. அதிலிருந்து ஒருவன் இறங்குகிறான். காலிடுக்கில் கூம்பாகச் செதுக்கிய கல், அந்தக் கல் கயிற்றால் படகோடு கட்டியிருக்கிறது. ஐந்து மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டதும் மண்டியிட்டுக் கைக்கு அகப்பட்ட சிப்பியை எல்லாம் பையில் அள்ளுகிறான், மேலே போகிறான், பையைக் கொட்டுகிறான், கல்லை இழுத்துக்கொள்கிறான், மறுபடியும் இறங்குகிறான். ஒரு முழுக்கு அரை நிமிடம், ஏறக்குறைய பத்துச் சிப்பி. அதில் எத்தனையில் முத்து இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது. பாறை நிழலில் நான்கு பேர் நின்று பார்ப்பதும் தெரியாது. சலாபம் கூடுவதற்கு முன்பே தனியாக வந்து பொறுக்குகிற ஏழை அவன். வெர்ன் அவனுக்குப் பெயர் கொடுக்கவில்லை, மொழி சொல்லவில்லை, இந்தியன் என்று மட்டும் சொல்கிறார். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கமிருந்து அந்தச் சலாபத்துக்கு எத்தனை பேர் போனார்கள் என்று அறிந்தவர்களுக்கு அவன் எந்த மொழியில் அலறியிருப்பான் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. வெர்ன் இந்தக் கரைக்கு வந்ததே கிடையாது, எல்லாம் புத்தகங்களைப் படித்து எழுதியது. ஆனாலும் கல்லும் கயிறும் பையும் அப்படியே சரியாக இருக்கின்றன. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக் கரையில் உட்கார்ந்திருந்த கடற்கட்டிகள் மட்டும்தான் காட்சியில் இல்லை.

சுறா வருகிறது. வாலால் அடித்து அவனைச் சாய்த்துவிட்டுத் திரும்பிக் கடிக்க வருகிறபோது நீமோ கத்தியோடு நேராக அதன் முன்னால் போய் நிற்கிறான். சண்டையில் சுறாவின் எடை அழுத்தி நீமோ கீழே விழ, நெட் லேண்ட் பாய்ந்து ஈட்டியைச் சுறாவின் நெஞ்சில் இறக்குகிறான். நீமோ எழுந்ததும் முதலில் செய்வது என்ன தெரியுமா? தன் உடம்பைப் பார்ப்பதில்லை. குளிப்பவனைக் கல்லோடு பிணைத்திருந்த கயிற்றை அறுத்து, அவனைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறான். படகில் அவனுக்கு மூச்சு திரும்பிக் கண் திறந்தால் எதிரே நான்கு செப்புத் தலைகள், பாவம், என்ன நினைத்திருப்பான். நீமோ சட்டைப் பையிலிருந்து ஒரு முத்துப் பையை எடுத்து அவன் கையில் வைக்கிறான், அவ்வளவுதான், திரும்பிவிடுகிறார்கள்.

கப்பலுக்குப் போனதும் நீமோ நெட்டுக்கு நன்றி சொல்கிறான், உங்களுக்கு நான் பட்ட கடன் அது என்று நெட் பதில் சொல்கிறான். பிறகு அரோனாக்ஸ், மனித இனத்தையே வெறுத்துவிட்டு ஓடிவந்தவர் ஒரு மனிதனுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தாரே என்று மெல்லக் கேட்கிறார். நீமோ சொல்கிறான்: அந்த இந்தியன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், நானும் அந்த நாட்டவன்தான், கடைசி மூச்சு வரை அந்த நாட்டவனாகவே இருப்பேன்.

நாவல் முழுவதிலும் நீமோ தன்னைப் பற்றித் திறந்து பேசுவது இப்படி ஒன்றிரண்டு இடங்களில்தான். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பிடிபடும். கிரீட் தீவில் அப்போது துருக்கிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது, அந்தத் தீவுக்கு அருகே போகும்போது நீமோ பெட்டி நிறையத் தங்கம் அனுப்புகிறான். அவன் அறைச் சுவரில் போலந்தின் கொஸ்சியுஸ்கோ, அயர்லாந்தின் ஓ'கானல், லிங்கன், அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்துத் தூக்குமரத்தில் தொங்கும் ஜான் பிரவுன் என்று படங்கள் தொங்குகின்றன. நாடில்லாதவன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு எத்தனை நாடுகள் பாருங்கள். இந்த மன்னார்க் காட்சி படத்தில் இல்லை. படத்திலும் ஒரு சுறா வருகிறது, ஆனால் அது மூழ்கிய கப்பலில் புதையல் பெட்டியை எடுக்கப்போன நெட்டையும் கோன்செய்யையும் துரத்துகிற சுறா. பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், நீமோவைப் பற்றி அது எதையும் சொல்லாது.

இதை வெட்டியதால் ராட்சதக் கணவாய்ச் சண்டையும் தலைகீழாகிவிட்டது. இதைப் பலர் கவனிப்பதில்லை. படத்தில் கணவாயின் கையில் சிக்குவது நீமோ, காப்பாற்றுவது நெட். நாவலில் நேரெதிர். பஹாமாஸ் அருகே கணவாய்கள் கூட்டமாகக் கப்பலைச் சூழ்கின்றன, மாலுமிகள் கோடரியோடு மேல்தளத்துக்கு ஏறுகிறார்கள், நெட் கீழே விழுந்து கணவாயின் அலகு அவன்மேல் இறங்கப் போகிறபோது நீமோ குறுக்கே பாய்ந்து கோடரியை அதன் வாயில் செருகுகிறான். பிறகு சொல்வது: எனக்கு நானே பட்டிருந்த கடன் இது. மன்னாரில் பட்ட கடனை பஹாமாஸில் அடைக்கிறான். முதல் காட்சியைப் படம் விட்டுவிட்டது, அதனால் கடனும் இல்லை, அடைப்பதும் இல்லை, நெட்டின் வீரம் மட்டும் மிஞ்சியது. இன்னொன்றும் போய்விட்டது. நாவலில் கணவாய் ஒரு மாலுமியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் பிரெஞ்சு மொழியில் காப்பாற்றுங்கள் என்று கத்துகிறான். அத்தனை நாளும் யாருக்கும் புரியாத ஏதோ ஒரு பொதுமொழியைப் பேசிவந்த கப்பலில், சாகும் நேரத்தில் ஒருவன் வாயில் தாய்மொழி வந்துவிடுகிறது. தன் நாட்டுக்காரன் ஒருவன் இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்திருக்கிறான் என்பது அரோனாக்ஸுக்கு அப்போதுதான் தெரிகிறது. ரத்தம் படிந்த நீமோ கடலைப் பார்த்து அழுகிறான்.

படக்காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டால், அது சினிமாவில் மைல்கல். முதலில் அமைதியான கடலில், அந்திச் சிவப்பில் எடுத்திருக்கிறார்கள், பொம்மைக் கணவாய் பொம்மையாகவே தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, பெரும் செலவில் இரவிலும் புயலிலும் நடப்பதாக மாற்றி மறுபடி எடுத்தார்கள். மழையும் அலையும் இருட்டும் கம்பிகளை மறைத்தன, பயமும் கூடியது. அந்தக் கணவாயை உருவாக்குவதில் முக்கியமானவரான ராபர்ட் மேட்டிதான் இருபது ஆண்டுக்குப் பிறகு 'ஜாஸ்' படத்தின் இயந்திரச் சுறாவையும் செய்தார். வெர்னும் இதைச் சும்மா கற்பனையில் எழுதவில்லை, 1861இல் 'அலெக்டன்' என்ற பிரெஞ்சுக் கப்பல் டெனெரிஃப் அருகே உண்மையிலேயே ஒரு ராட்சதக் கணவாயைக் கண்டு அதோடு மல்லுக்கட்டியது, நாவலிலேயே அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

இனி நீமோ இந்தியரா என்ற கேள்வி. இந்த நாவலில் பதில் இல்லை, காரணம் வெர்னின் பதிப்பாளர் ஹெட்ஸெல். வெர்ன் முதலில் நினைத்த நீமோ ஒரு போலந்துப் பிரபு. 1863இல் ரஷ்யாவுக்கு எதிராகப் போலந்தில் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டது, அதில் எல்லாவற்றையும் இழந்தவன் ரஷ்யக் கப்பல்களை மூழ்கடிக்கிறான் என்பது யோசனை. ரஷ்யாவைப் பகைத்துக்கொள்ள ஹெட்ஸெலுக்கு விருப்பமில்லை. வேண்டுமானால் அடிமை வியாபாரத்துக்கு எதிரியாக்கிவிடுங்கள் என்றார், வெர்ன் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நாடே சொல்லாமல் விட்டுவிட்டார். அப்புறம் 1874-75இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் வயதான நீமோ சாகும் தறுவாயில் உண்மையைச் சொல்கிறான்: பெயர் டக்கார், நடு இந்தியாவில் இருக்கும் புந்தேல்கண்டின் ராஜாவுக்கு மகன், திப்புவின் மருமான், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தைப் பறிகொடுத்தவன். கணக்குப் பார்த்தால் இடிக்கும். திப்பு இறந்தது 1799இல், ஆண்டது மைசூரை, புந்தேல்கண்ட் எங்கே இருக்கிறது, மைசூர் எங்கே இருக்கிறது. இரண்டு நாவல்களின் ஆண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆனால் மன்னாரில் அவன் சொன்ன அந்த வாக்கியத்தோடு டக்கார் அச்சாகப் பொருந்திவிடுகிறான், அதனால்தான் நான் இந்தப் பதிலை மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

1916இல் யுனிவர்சல் எடுத்த மௌனப்படத்தில் நீமோ இந்திய இளவரசனாகவே வருகிறான், நடித்தவர் முகத்தில் கறுப்பு பூசிய வெள்ளைக்காரர் என்றாலும். அதாவது அந்தப் பின்னணி சினிமாவுக்குத் தெரியாதது அல்ல. டிஸ்னி அதை எடுக்கவில்லை. 1973இல் ஓமர் ஷெரீஃப், 2003இல் 'தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்' படத்தில் நசிருத்தீன் ஷா என்று நீமோ மெல்ல மெல்லக் கிழக்கே திரும்பி வந்தான். ஷா நடித்த நீமோவுக்கு அந்தப் படத்தில் செய்ய வேலை அதிகம் இல்லை, அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அப்படியானால் 1954 நீமோ யார்? ரூரா பெந்தே என்ற சிறைத்தீவில் அடைபட்டிருந்தவன். ஒரு நாடு, பெயர் சொல்வதில்லை, அவனுடைய சக்தி ரகசியத்தைக் கறக்க அவன் மனைவியையும் பிள்ளையையும் கொன்றது. அந்தத் தீவின் கைதிகள் வெடிமருந்துக்கான சரக்கை ஏற்றுவதை அரோனாக்ஸுக்குக் காட்டிவிட்டு, நீமோ அந்தக் கப்பலை மூழ்கடிக்கிறான். நாவலில் அவனிடமிருந்து பறிக்கப்பட்டது நாடும் குடும்பமும், படத்தில் பறிக்கப் பார்த்தது ஒரு கண்டுபிடிப்பு. வித்தியாசம் எவ்வளவு பெரியது பாருங்கள். வெர்னின் கப்பல் கடல்நீரிலிருந்து எடுக்கும் சோடியத்தை வைத்து மின்சாரத்தில் ஓடுகிறது. படத்தில் அது பெயர் சொல்லாத ஏதோ ஒரு பிரபஞ்ச சக்தி, கதவைத் திறந்தால் கண்ணைக் கூசும் வெளிச்சம். 1954 ஜனவரியில் அமெரிக்கா உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியைக் கடலில் இறக்கியது, அதன் பெயரும் நாட்டிலஸ். மார்ச்சில் பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்தார்கள், அதன் கதிரியக்கச் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள் மேல் விழுந்தது. அதே டிசம்பரில் இந்தப் படம் வருகிறது, கடைசியில் நீமோ தன் ரகசியத் தளமாக இருந்த தீவைத் தானே வெடித்துத் தகர்க்கும்போது எழுவது காளான் மேகம். அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உலகம் பக்குவப்படும்போது இதெல்லாம் ஒருநாள் வரும் என்று சாகும் நீமோ சொல்வது அணுசக்தியைப் பற்றித்தான்.

படத்தை நான் மதிப்பது இதற்காகத்தான். அது வெர்னை வெறுமனே சுருக்கிவிட்டுப் போகவில்லை, தன் காலத்துப் பயத்தைக் கொண்டுவந்து நீமோவின் கையில் கொடுத்தது. நீமோவாக நடித்த ஜேம்ஸ் மேசன் அதை ஒரு சத்தமும் போடாமல் சுமக்கிறார். ஆர்கனில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசிக்கும்போது அந்த முதுகைப் பாருங்கள், தூங்கிப் பல நாளான ஆள் மாதிரி இருக்கும். ஆனால் விலையும் கொடுத்திருக்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களோடு நிற்கிறவன், ஆபத்தான ரகசியத்தைக் காக்கிற விஞ்ஞானியாகிவிட்டான். பின்னவனைப் பார்த்துப் பரிதாபப்படலாம், முன்னவனோ நாம் எந்தப் பக்கம் என்று நம்மைக் கேட்பான்.

மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிர்க் டக்ளஸின் நெட் லேண்ட் பாட்டுப் பாடுகிறான், கடற்சிங்கத்தோடு விளையாடுகிறான், பிள்ளைகளுக்குப் பிடிப்பது அவனைத்தான். நாவலின் நெட் நாற்பது வயதுக் கனடாக்காரன், பேச்சு குறைவு, கோபம் அதிகம், வீடு திரும்ப வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பே கிடையாது. அவன்மேல் எனக்கு மரியாதை உண்டு, அந்தக் கப்பலின் அழகில் மயங்காத ஒரே ஆள் அவன். அரோனாக்ஸ் முழுக்க மயங்கியவர். நூலகமும் ஜன்னலும் கிடைத்ததில் தான் கைதி என்பதே அவருக்குப் பாதி மறந்துவிடுகிறது, நாவலை அவரே சொல்வதால் நாமும் கூடவே மயங்குகிறோம். படத்தில் அவர் வெளியிலிருந்து பார்க்கப்படும் ஒரு நல்ல மனிதர், அவ்வளவுதான்.

முடிவுதான் நாவலைக் குழந்தைக் கதை என்று ஒதுக்குகிறவர்களுக்குப் பதில். கொடி தெரியாத ஒரு போர்க்கப்பல் துரத்தி வருகிறது. நீமோவால் தப்பிப் போக முடியும். போகாமல், இரவெல்லாம் அதை இழுத்தடித்து, காலையில் முட்டி மூழ்கடிக்கிறான். கயிறுகளிலும் பாய்மரத்திலும் தொற்றிக்கொண்டு மனிதர்கள் மூழ்குவதை அரோனாக்ஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், நீமோவும் பார்க்கிறான். அப்புறம் நீமோ தன் அறைக்குப் போய், ஒரு இளம்பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கும் படத்துக்கு முன் மண்டியிட்டு விம்முகிறான். அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கும் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்திருக்குமே என்று வெர்ன் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. மன்னாரில் ஒரு ஏழைக்காகச் சுறாவின் முன்னால் நின்ற அதே ஆள்தான் இதைச் செய்கிறான். படம் இவ்வளவு தூரம் போகத் துணியவில்லை. அங்கே நீமோவைப் பின்னாலிருந்து சுட்டுவிடுகிறார்கள், அவன் கப்பலோடு போக முடிவெடுக்கிறான், நம் அனுதாபம் சிதறாமல் முடிகிறது. அரோனாக்ஸின் குறிப்பேடும் கப்பலோடு போய்விடுகிறது. நாவலில் நார்வே கடலின் பெருஞ்சுழலில் கப்பல் சிக்க, மூவரும் எப்படியோ தப்பி லோஃபோடன் தீவில் ஒரு மீனவர் குடிசையில் கண் விழிக்கிறார்கள். குறிப்பு தப்பிவிடுகிறது, நீமோ என்ன ஆனான் என்பதுதான் தெரியவில்லை.

ஆகவே நாவலைக் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். இணையத்திலும் மலிவு விலையிலும் அதிகம் கிடைக்கும் ஆங்கில வடிவம் 1870களில் மெர்சியர் செய்தது. அதில் நாவலின் கால்பங்கு அளவுக்குக் காணாமல் போயிருக்கிறது, அரசியல் பேச்சுகளும் அதில் அடக்கம். வில்லியம் புட்சர் செய்ததோ, இலவசமாகவே கிடைக்கும் எஃப். பி. வால்டர் செய்ததோ இருந்தால் அதை எடுங்கள், இரண்டும் முழுமையானவை. பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் முழுப் புத்தகத்தையும் கையில் கொடுக்காமல் நீங்களே வாசித்துச் சொல்லலாம். பவளக்காட்டு அடக்கம், மன்னார், பனிக்கட்டிக்குள் சிக்குவது, கணவாய், இந்த நான்கையும் முதலில் வையுங்கள், மீன் பட்டியல்களைத் தாண்டிவிடுங்கள். அது பிடித்துப்போய் 'மர்மத் தீவு' கேட்டார்கள் என்றால், அந்தத் தீவில் ஒளிந்திருந்து உதவுகிறவர் யார் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அவர்களாகவே கண்டுபிடிக்கட்டும்.